வீட்டில் அனோடைஸ் செய்த அலுமினியத்துக்கு எந்தச் சாயம்? தேர்வு முதல் சீல் வரை

அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பதுதான் அனோடைஸ். அந்தத் தொட்டியிலிருந்து எடுத்த அலுமினியத் துண்டில் நிறம் ஏற்றுவது எளிது. பட்டுச் சாயம், கேசரிப் பவுடர், பிரிண்டர் மை என எதில் முக்கினாலும் முதல் நாள் பளிச்சென்றுதான் இருக்கும். படலத்தின் துளைகளை அடைக்க, அதாவது சீல் செய்ய, போடும் கொதிநீரில் பாதி நிறம் கரைந்து போவதும், மிச்சம் இருப்பது மொட்டைமாடி வெயிலில் சில வாரங்களில் வெளிறுவதும் அதன் பிறகு தெரியவரும். சாயத்தின் வேதியியல் குடும்பம் என்ன, அந்தப் பொருள் வெயிலில் இருக்கப் போகிறதா நிழலில் இருக்கப் போகிறதா என்ற இரண்டையும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் இந்த இரண்டு ஏமாற்றங்களும் பெரும்பாலும் வராது. பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சாயம் எங்கே தங்குகிறது

கந்தக அமிலத்தில் அனோடைஸ் செய்யும்போது அலுமினியத்தின் மேல் வளரும் ஆக்சைடு படலம் முழுக்க நுண்துளைகள். ஒவ்வொரு துளையும் சுமார் 10 முதல் 20 நானோமீட்டர் அகலம் கொண்டது. படலத்தின் அடிவரை ஏறக்குறைய நேராக இறங்கும். நீரில் முழுதாகக் கரைந்த சாய மூலக்கூறு சில நானோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் உள்ளே போகும். பெயின்ட், பிக்மென்ட் மை, எமல்ஷன் ஸ்டெயினர் ஆகியவற்றில் இருப்பது கரையாத துகள். அதன் அளவு துளையைவிடப் பல மடங்கு பெரிது. அது மேலே படிந்து நின்று, துடைத்தால் வந்துவிடும்.

உள்ளே போனால் மட்டும் போதாது, சுவரில் ஒட்டவும் வேண்டும். லேசான அமிலத்தன்மையுள்ள நீரில் அலுமினிய ஆக்சைடின் பரப்பு நேர்மின்னேற்றம் பெறுகிறது. ஆகவே எதிர்மின்னேற்றம் உள்ள சாயங்களை, அதாவது சல்ஃபோனிக் தொகுதி கொண்டவற்றை, அது தானே இழுத்துக்கொள்கிறது. நேர்மின்னேற்றச் சாயங்களைத் தள்ளுகிறது. மெத்திலீன் ப்ளூ, ரோடமின், மாலகைட் கிரீன், கிரிஸ்டல் வயலட் எல்லாம் பாய்க்கோரைக்கும் காகிதத்துக்கும் கண்ணைப் பறிக்கும் நிறம் தரும். அலுமினியத்தில் அவை திட்டுத்திட்டாகப் படியும், அல்லது கழுவும்போதே போய்விடும்.

சில சாயங்கள் இன்னும் ஒரு படி மேலே போய் அலுமினியத்தோடு நேரடியாக வேதிப் பிணைப்பு கொள்கின்றன. அலிசரின் அந்த வகை. சோழமண்டலக் கரையில் சாயவேரையும் படிகாரத்தையும் கொண்டு பருத்தியில் ஏற்றிய சிவப்பு இந்தப் பிணைப்பில் பிறந்ததுதான்: படிகாரத்தில் உள்ள அலுமினியத்தை வேரில் உள்ள அலிசரின் பற்றிக்கொள்கிறது. பரிசோதனைச் சாலைப் பொருள் கடைகளில் அலிசரின் ரெட் எஸ் என்ற பெயரில் கிடைக்கும் நீரில் கரையும் வடிவத்தை அனோடைஸ் படலம் அதே வழியில் பிடித்துக்கொள்ளும்.

சாயம் வாங்கும் முன் படலத்தைச் சரிபார்க்கவும்

சாயம் பிடிக்கவில்லை என்று சொல்லப்படும் துண்டுகளில் பலவற்றில் குறை படலத்தில்தான் இருக்கும். படலம் மெல்லியதாக இருந்தால் உலகின் மிகச் சிறந்த சாயமும் வெளிறித்தான் தெரியும். வெளிர் நிறங்களுக்கு 8 முதல் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), அழுத்தமான சிவப்பு, நீலம், பச்சைக்கு 12 முதல் 15, உண்மையான கறுப்புக்கு 20 மைக்ரான் அளவுக்குத் தேவை.

கணக்கு எளிது. ஒரு சதுர டெசிமீட்டருக்கு எத்தனை ஆம்பியர் என்பதை நிமிடத்தால் பெருக்கி, 0.3 ஆல் மீண்டும் பெருக்கினால் மைக்ரான் கிடைக்கும். 10 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகட்டின் இரு பக்கமும் சேர்ந்தால் 100 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு சதுர டெசிமீட்டர். அதற்கு 1.5 ஆம்பியர் கொடுத்து 40 நிமிடம் வைத்தால் ஏறக்குறைய 18 மைக்ரான். பவர் சப்ளையைக் குறிப்பிட்ட ஆம்பியரில் நிறுத்தி வையுங்கள். வோல்டேஜ் 12 முதல் 18 வரை தானாக ஏறிக்கொள்ளும்.

அமிலக் கரைசல் லிட்டருக்கு 180 கிராம் அளவில் இருக்கட்டும். பேட்டரி கடையில் கிடைக்கும் அமிலம் ஒரு பங்கு, வடிநீர் ஒன்றரைப் பங்கு என்பது இதற்கு நெருங்கி வரும். நீரை முதலில் ஊற்றி, அமிலத்தை மெல்ல அதில் சேர்க்க வேண்டும். ஒருபோதும் மாற்றிச் செய்யக் கூடாது.

வெப்பநிலை 20 முதல் 22 டிகிரி. நம் ஊரில் சாதாரண அறையே 30 டிகிரிக்கு மேல் இருப்பதாலும், மின்சாரம் ஓடும்போது தொட்டி இன்னும் சூடாவதாலும் இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. 25ஐத் தாண்டினால் படலம் மென்மையாகி, விரலால் தேய்த்தாலே மாவுபோல வரும். தொட்டியைப் பெரிய பாத்திரத்தில் நிற்கவைத்து, உறைய வைத்த நீர் பாட்டில்களைச் சுற்றிப் போட்டால் போதும். எதிர்த் திசையிலும் எல்லை உண்டு. 10 டிகிரிக்குக் கீழே அடர்த்தியான கடினப் படலம் வளரும். அதில் சாயம் ஏறுவது கடினம்.

உலோகக் கலவையும் நிறத்தை மாற்றும். ஜன்னல் சட்டங்களுக்கு வரும் 6063, கடைகளில் ஹெச்இ 9 என்ற பெயரில் கேட்டால் கிடைப்பது, தெளிவான நிறம் தரும். 6061, 5052, கலப்பு குறைந்த மெல்லிய தகடுகள் ஆகியவையும் நன்றாக வரும். செம்பு அதிகமுள்ள 2024, துத்தநாகம் அதிகமுள்ள 7075 இரண்டிலும் படலமே மஞ்சளாகவோ மங்கலாகவோ வளரும் என்பதால் வெளிர் நீலம், இளஞ்சிவப்பு எடுபடாது. வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கன் அதிகம். அதன் படலம் சாம்பல் நிறமாகத்தான் வரும், கறுப்பைத் தவிர வேறு நிறத்தை அதில் முயல்வது வீண்.

கடையில் வாங்கிய, ஏற்கெனவே அனோடைஸ் ஆன பொருளில் நேரடியாகச் சாயம் ஏறாது. அதன் துளைகள் சீல் செய்யப்பட்டிருக்கும். காஸ்டிக் சோடாவில் பழைய படலத்தைக் கரைத்து, கரி போன்ற படிவை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் நீக்கி, மறுபடி அனோடைஸ் செய்தாக வேண்டும்.

கடையில் என்ன கேட்பது

முதல் தேர்வு அனோடைஸ் தொழிலுக்கென்றே செய்யப்படும் சாயங்கள். சானோடல் என்ற பெயரில் வருபவை, ஜப்பானின் ஓகுனோவின் டேக் வரிசை ஆகியவை உலகெங்கும் பழக்கமானவை. இவற்றின் தரவுத்தாளில் லிட்டருக்கு எத்தனை கிராம், எந்த பிஎச் (அமில-காரத்தன்மையின் அளவு), எத்தனை டிகிரி, ஒளி தாங்கும் அளவு எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். சிக்கல் பொட்டலத்தின் அளவு. தொழிற்சாலைக்கு விற்கும் அளவு வீட்டுக்கு மிக அதிகம். உங்கள் ஊரில் அனோடைஸிங் பட்டறை இருந்தால் 50 கிராம் கறுப்பை அங்கேயே விலைக்குக் கேட்டுப் பாருங்கள். ஒரு நிறத்துக்கு மட்டும் செலவு செய்ய முடியும் என்றால் அது கறுப்பாக இருக்கட்டும். மற்ற நிறங்களை வேறு வழியில் ஓரளவு ஈடுகட்டலாம், கறுப்பை ஈடுகட்டுவது கடினம்.

இரண்டாவது தேர்வு ஆசிட் டை. பட்டு, கம்பளி, நைலான் ஆகியவற்றுக்குப் போடும் சாயம் இது. காஞ்சிபுரம், ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களின் சாயக்கடைகளில் சில்லறையாகவே கிடைக்கும். திருப்பூர் பக்கத்துக் கடையில் வெறுமனே சாயம் என்று கேட்டால் பருத்திக்கான ரியாக்டிவ் சாயத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். ஆகவே பட்டுக்குப் போடும் ஆசிட் டை என்றே கேளுங்கள். முடிந்தால் சி.ஐ. எண்ணோடு, அதாவது கலர் இண்டெக்ஸ் என்ற உலகச் சாயப் பட்டியலின் எண்ணோடு, கேளுங்கள். ஆசிட் ப்ளூ 80, ஆசிட் கிரீன் 25 என்று எண்ணோடு வாங்கினால் எந்தக் கடையில் வாங்கினாலும் அடிப்படை மூலக்கூறு ஒன்றாகவே இருக்கும். ராயல் ப்ளூ, பாட்டில் கிரீன் போன்ற கடைப் பெயர்களுக்கு அந்த உறுதி கிடையாது.

ஆசிட் டைகளுக்குள்ளேயே தரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதை மட்டும் நினைவில் வையுங்கள்:

- உலோக அணைவுச் சாயங்கள் (மெட்டல் காம்ப்ளெக்ஸ்). குரோமியம் அல்லது கோபால்ட் அணுவைச் சுற்றிக் கட்டப்பட்ட மூலக்கூறு. ஆசிட் பிளாக் 172, ஆசிட் பிளாக் 194 இந்த வகை. நிறம் சற்று அடங்கியிருக்கும், வெயிலைத் தாங்குவதில் இவையே முன்னணி.
- ஆந்த்ராகுவினோன் சாயங்கள். ஆசிட் ப்ளூ 80, ஆசிட் கிரீன் 25 போன்றவை. நிறமும் தெளிவு, ஒளி தாங்கும் திறனும் நன்று.
- செம்பு தாலோசயனின். ஆசிட் டை வரிசையைவிட டைரக்ட் ப்ளூ 86, ரியாக்டிவ் ப்ளூ 21 என்ற பெயர்களில் அதிகம் கிடைக்கும் மயில்கழுத்து நீலம். நீல வகையில் வீட்டுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.
- ட்ரைஅரில்மீத்தேன் சாயங்கள். பேட்டன்ட் ப்ளூ, ஆசிட் வயலட் வகைகள். பார்த்ததும் மயக்கும், வெயிலில் சீக்கிரம் போய்விடும்.
- சாந்தீன் சாயங்கள். ஈயோசின் போல ஒளிரும் இளஞ்சிவப்புகள். பெட்டிக்குள் வைக்கும் நகைக்கு மட்டும்.

ரியாக்டிவ் சாயம் கையில் இருந்தால் அதையும் முயலலாம், அதுவும் எதிர்மின்னேற்றம் உள்ளதுதான். இரண்டு எச்சரிக்கைகள். பொடியை முகர்ந்தால் மூச்சுக்குழாய் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் முகக்கவசம் இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. ரியாக்டிவ் பிளாக் 5 பருத்தியில் அடர்த்தியாக ஏறும்போது கறுப்பாகத் தெரிந்தாலும் மெல்லிய படலத்தில் கருநீலமாகவே நிற்கும்.

டிஸ்பர்ஸ் டை பாலியஸ்டருக்கானது, நீரில் கரையாது, வேண்டாம். வேட் சாயமும் அப்படியே. வீட்டுத் துணிச் சாயப் பொட்டலங்களில் பல, டைரக்ட் சாயமும் ஆசிட் சாயமும் கறி உப்பும் கலந்தவை. வேலை செய்யும், ஆனால் உப்பில் உள்ள குளோரைடு சூடான தொட்டியில் அலுமினியத்தில் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கலாம். பெயரும் எண்ணும் இல்லாத பழைய டைரக்ட் பிளாக் பொடிகளைத் தொடவே வேண்டாம். பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட டைரக்ட் பிளாக் 38 போன்றவை புற்றுநோய் விளைவிப்பவை. இந்தியாவில் தடை செய்யப்பட்டவை.

பிரிண்டர் ரீஃபில் மையில் டை இங்க் என்று எழுதியிருந்தால் பயன்படும்; பிக்மென்ட் இங்க் பயன்படாது. ஒரு பங்கு மைக்கு ஐந்து பங்கு வடிநீர் சேர்த்துத் தொடங்குங்கள். சயான் பெரும்பாலும் தாலோசயனின் வகை என்பதால் நீடிக்கும். மஜந்தா நீடிக்காது.

கேசரிப் பவுடர்களில் உள்ள டார்ட்ரசைன், சன்செட் யெல்லோ, கார்மோசின், பிரில்லியன்ட் ப்ளூ நான்குமே சல்ஃபோனேற்றம் செய்த சாயங்கள், அதனால் படலத்தில் நன்றாகவே ஏறும். பயிற்சிக்கு இதைவிட மலிவும் பாதுகாப்பும் வேறு இல்லை. நிலைக்க வேண்டிய பொருளுக்கு இவற்றைப் போடாதீர்கள். பொட்டலத்தில் நிறத்தைவிட உப்போ சர்க்கரையோ அதிகமாக இருப்பதும் சகஜம்.

தங்க நிறத்துக்குத் தனி வழி

தங்க நிறத்துக்கு ஆர்கானிக் சாயம் தேட வேண்டியதில்லை. ஃபெரிக் அம்மோனியம் ஆக்சலேட் என்ற பச்சை நிறப் படிகத்தை வடிநீரில் லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் கரைத்து, பிஎச் 5 அளவில், 50 டிகிரியில் முக்கினால் துளைகளுக்குள் இரும்பு ஆக்சைடு படிகிறது. ஓரிரு நிமிடத்தில் வெளிர்தங்கம், ஐந்து நிமிடத்துக்கு மேல் அடர்தங்கம். கட்டடங்களின் வெளிப்புறத்துக்கே பயன்படுத்தப்படும் நிறம் இது, வெயிலுக்கு அஞ்சாது. கரைசலோ வெளிச்சத்தில் கெட்டுவிடும். பழுப்பு பாட்டிலில், அலமாரிக்குள் வையுங்கள். ஆக்சலேட் விழுங்கினால் நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிவைக்க வேண்டியது.

வெளிப்புறப் பொருளுக்கு, அதாவது பைக் பாகம், கதவுக் கைப்பிடி, பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு, மூன்று நிறங்களையே நம்பிச் சொல்ல முடியும்: உலோக அணைவுக் கறுப்பு, ஆக்சலேட் தங்கம், தாலோசயனின் நீலம். சிவப்பு வேண்டுமென்றால் அனோடைஸுக்கென்று விற்கப்படும், ஒளி தாங்கும் அளவு குறிப்பிட்ட சாயத்தையே வாங்குங்கள். ஊதாவும் இளஞ்சிவப்பும் வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு. ஒரே சாயமாக இருந்தாலும் வெளிர்ச் சாயல் அடர்ச் சாயலைவிடச் சீக்கிரம் வெளுக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சாயத்தைச் சோதிக்கும் முறை

ஈரமான வடிகட்டித் தாளில் ஒரு சிட்டிகைப் பொடியை ஊதிவிட்டால் அது கலவையா தனிச்சாயமா என்று உடனே தெரியும். பச்சைப் பொடியில் மஞ்சள் புள்ளியும் நீலப் புள்ளியும் தனித்தனியாக விரிந்தால் அது கலவை. கலவைச் சாயத்தில் சிறிய மூலக்கூறு முந்திக்கொண்டு ஏறும் என்பதால் மூன்று நிமிடத்தில் ஒரு பச்சையும் பத்து நிமிடத்தில் வேறொரு பச்சையும் கிடைக்கும். நேரத்தை இறுக்கமாகப் பிடித்தால் கலவையையும் சமாளிக்கலாம்.

அடுத்து, உங்கள் பொருளுக்குப் பயன்படும் அதே அலுமினியத்தில் இரண்டு விரல் அகலத் துண்டுகள் சிலவற்றை ஒன்றாக அனோடைஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சாயம் ஏற்றி, சீல் செய்யாமல் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். நீர் லேசாக நிறம் பெறுவது இயல்பு. துண்டு கண்ணுக்குத் தெரியும்படி வெளிறினால் அந்தச் சாயம் சுவரில் ஒட்டவில்லை. இன்னொன்றைச் சீல் செய்து, பாதியை அலுமினியத் தாளால் இறுகச் சுற்றி, வெயில் நேராகப் படும் ஜன்னலிலோ மாடியிலோ நான்கு வாரம் வையுங்கள். தாளைப் பிரித்தால் கோடு தெரிகிறதா என்று பார்க்கலாம். சித்திரை வைகாசி வெயிலில் இந்தச் சோதனையில் தேறும் சாயத்தை ஓரளவு நம்பிக்கையோடு வெளிப்புறத்துக்குப் போடலாம்.

சாயத் தொட்டி தயாரித்தல்

எவர்சில்வர், கண்ணாடி, பாலிப்ரொப்பிலீன் பாத்திரம் மட்டும். அலுமினியமும் இரும்பும் கூடாது. சமையலறைக்குத் திரும்பப் போகாத பாத்திரமாக இருக்க வேண்டும்.

1. ஒரு லிட்டர் தொட்டிக்குச் சாதாரண நிறமென்றால் 3 முதல் 5 கிராம், கறுப்பென்றால் 10 கிராம் எடைபோடுங்கள். ஒரு கிராமைச் சரியாகக் காட்டும் சின்னத் தராசு தேவை. தேக்கரண்டி அளவை நம்ப முடியாது. பொடிகளின் அடர்த்தி வெவ்வேறு.

2. சிறிது சூடான வடிநீரில் பொடியைக் கூழாகக் குழைத்து, பிறகு மீதி நீரைச் சேருங்கள். நேராகப் பெரிய தொட்டியில் கொட்டினால் உருண்டை கட்டும். கரையாத அந்தத் துகள்கள் பின்னால் பொருளின் மேல் கரும்புள்ளியாக வந்து நிற்கும்.

3. ஒருமுறை கொதிக்க வைத்து, ஆறியதும் காபி வடிகட்டித் தாளிலோ இரண்டு மடிப்பு மல் துணியிலோ வடியுங்கள்.

4. பிஎச் தாளில் 5 முதல் 6 இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் வெள்ளை வினிகர் சில துளிகள். குறைவாக இருந்தால் ஆப்பச் சோடா சிட்டிகை. 4க்குக் கீழே போனால் படலம் அரிக்கப்படும். 7க்கு மேல் போனால் பரப்பின் நேர்மின்னேற்றம் குறைந்து சாயம் ஏறாது.

5. வெப்பநிலை 55 முதல் 60 டிகிரி. வெந்நீர் நிரம்பிய பெரிய பாத்திரத்துக்குள் சாயப் பாத்திரத்தை இறக்கி வைத்துச் சூடாக்குங்கள். 70 டிகிரியைத் தாண்டினால் துளைகள் சாயம் ஏறும் முன்பே மூடத் தொடங்கும். சூடாக இருந்தால் நன்றாக ஏறும் என்று கொதிக்க வைப்பவர்களுக்கு வெளிறிய நிறம் கிடைப்பது இதனால்தான்.

தண்ணீரைப் பற்றி விட்டுக்கொடுக்க வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரே போதுமானது. போர்வெல் நீரில் உள்ள குளோரைடும் சிலிக்கேட்டும் ஒன்று குழி போடும், மற்றொன்று சீலைக் கெடுக்கும்.

சாயம் ஏற்றுதல்

அனோடைஸ் முடிந்ததும் பொருளைக் கையால் தொடாமல், தொங்கும் கம்பியோடு ஓடும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் கழுவுங்கள். குருட்டுத் துளைகளும் (மறுபக்கம் திறக்காதவை) மரைகளும் இருந்தால் ஊசியில்லாத சிரிஞ்சால் உள்ளே நீர் பாய்ச்சுங்கள். அங்கே தங்கிய அமிலம் சாயத் தொட்டியில் மெல்லக் கசிந்து, துளையைச் சுற்றி வெளிறிய வளையம் போடும். அந்த அமிலத்தின் சல்ஃபேட் சாயம் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். லிட்டருக்கு 20 கிராம் ஆப்பச் சோடா கலந்த நீரில் இரண்டு நிமிடம் முக்கி, மறுபடி வடிநீரில் அலசினால் இந்தத் தொல்லை தீரும்.

காய விடக் கூடாது. காய்ந்த படலம் நீர்க்கோடுகளோடு திட்டுத்திட்டாகச் சாயம் பிடிக்கும். உடனே சாயமேற்ற முடியாவிட்டால் குளிர்ந்த வடிநீரில் மூழ்கவைத்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஒரே மூச்சில் முழுதாக முக்கி, மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். நடுத்தர நிறத்துக்கு 5 முதல் 10 நிமிடம், அடர்நிறத்துக்கு 15, கறுப்புக்கு 15 முதல் 20. வெளிர் நிறம் வேண்டுமென்றால் அடர்ந்த தொட்டியில் 20 விநாடி முக்கி எடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் சாயம் துளையின் வாயிலேயே நின்றுவிடும். சீலில் கரையும், வெயிலில் முதலில் போகும். தொட்டியை லிட்டருக்கு அரை கிராமாக நீர்த்து, அதே பத்து நிமிடம் வைத்தால் சாயம் ஆழமாக இறங்கும், நிறமும் சீராக இருக்கும்.

இரண்டு சாயங்களால் பச்சையோ ஊதாவோ உருவாக்குவதற்கு ஒரே தொட்டியில் கலப்பதைவிட அடுத்தடுத்து முக்குவது நல்லது. மஞ்சளில் முதலில், அலசி, பிறகு நீலத்தில். நீலத்தை விநாடிக் கணக்கில் நிறுத்தலாம் என்பதால் நிறம் உங்கள் கைக்குள் இருக்கும். நீலத் தொட்டியும் மஞ்சளால் கெடாது.

ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் சற்று வெளிறித் தெரியும். வேண்டியதைவிட ஒரு படி அடர்வாக எடுங்கள். நிறம் தவறிவிட்டால் சீல் செய்யும் முன் அதை இறக்க வழி உண்டு: ஒரு பங்கு நைட்ரிக் அமிலத்தை நான்கு பங்கு நீரில் சேர்த்த கரைசல், காற்றோட்டமான வெளியிடத்தில், பெரும்பாலான ஆர்கானிக் சாயங்களை நீக்கிவிடும். நன்றாக அலசி, சோடாவில் முக்கி, மறுபடி சாயமேற்றலாம். சீல் செய்தபின் இந்த வழி அடைபட்டுவிடும். படலத்தையே கரைக்க வேண்டியிருக்கும். மரை உள்ள பாகங்களில் ஒவ்வொரு முறை கரைப்பதும் அளவைக் குறைக்கும்.

சீல்

கொதிநீரில் ஆக்சைடு நீரேற்றம் பெற்று போமைட் என்ற பெரிய கன அளவுள்ள வடிவமாக மாறுகிறது. துளைகள் அந்த வீக்கத்தில் அடைபடுகின்றன. வடிநீர், 96 டிகிரிக்கு மேல், பிஎச் 5.5 முதல் 6.5, ஒரு மைக்ரானுக்கு 3 நிமிடம். 15 மைக்ரான் படலத்துக்கு 45 நிமிடம். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டுச் சாயத்தைக் குறை சொல்வது நியாயமல்ல.

கொதிநீரின் குறை, துளை அடைபடுவதற்குள் கொஞ்சம் சாயம் வெளியேறிவிடும். வீட்டுக்கு ஏற்ற தீர்வு ஆவி. பழைய இட்லிச் சட்டியில் வடிநீர் ஊற்றி, தட்டுக்கு மேலே பொருளைத் தொங்கவிட்டு, மூடியின் அடியில் துணி கட்டி, ஆவி நன்றாகக் கிளம்பியபின் 45 நிமிடம். மூடியிலிருந்து சொட்டும் நீர் கோடு போடாமல் அந்தத் துணி காக்கும். இந்தச் சட்டியிலும் இனி இட்லி கூடாது.

தொழிலில் வழக்கமானது நிக்கல் அசிட்டேட்: லிட்டருக்கு 5 கிராம், அதோடு போரிக் அமிலம் 5 முதல் 8 கிராம், பிஎச் 5.5 முதல் 6, 80 முதல் 90 டிகிரி, 15 நிமிடம். துளை வாயில் நிக்கல் ஹைட்ராக்சைடு படிந்து சாயத்தைச் சீக்கிரம் பூட்டிவிடும்; சாயம் விடுவது மிகக் குறைவு. நிக்கல் உப்பு தோல் ஒவ்வாமை தரும், பொடியை மூச்சில் இழுப்பது புற்றுநோய் அபாயம். கையுறை, முகக்கவசம், தனி இடம் இல்லாதவர்கள் ஆவியோடு நின்றுகொள்ளுங்கள். உடலில் படும் நகைக்கும் நிக்கல் வேண்டாம்.

சீல் ஆனதா என்று பார்க்க, பொருள் ஆறியபின் மறைவான இடத்தில் வேறு நிறச் சாயத்தில் ஒரு துளி வைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடைக்கவும். கறை நின்றால் இன்னும் அரை மணி நேரம் சீல் செய்யுங்கள். மேலே வெண்பொடி படிந்திருந்தால் மெல்லிய துணியில் துளி எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

எது ஏன் தவறுகிறது

எங்குமே நிறம் ஏறவில்லை: கம்பித் தொடர்பு தளர்ந்து படலமே வளரவில்லை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பரப்பைத் தொடுங்கள். மின்சாரம் கடந்தால் படலம் இல்லை. கடக்கவில்லை என்றால் குற்றவாளி சாயத்தின் வகை, அல்லது சூடான நீரில் கழுவிய பழக்கம்.

விரல்ரேகை, ஓரத்தில் வெளிறல்: அனோடைஸுக்கு முன் கொழுப்பு முழுதாகப் போகவில்லை, அல்லது பிறகு கை பட்டிருக்கிறது. காஸ்டிக்கில் இட்டு எடுத்தபின் நீர் பரப்பு முழுக்க உடையாமல் படர வேண்டும். திரண்டு துளியானால் இன்னும் கொழுப்பு இருக்கிறது.

துணியில் நிறம் ஒட்டுகிறது: தொட்டி 25 டிகிரியைத் தாண்டியதால் மாவுப் படலம், அல்லது போதாத சீல்.

கறுப்பு செம்பழுப்பாகப் பளபளக்கிறது: சாயம் மிகையாகி மேலே படிந்திருக்கிறது. அலசும்போதே ஈரப்பஞ்சால் துடைத்தால் பாதி சரியாகும். கறுப்பு சாம்பலாக நின்றால் படலம் மெல்லியது.

முன்பு நன்றாக ஏறிய தொட்டி இப்போது ஏற்ற மறுக்கிறது: அலசல் குறைந்து சல்ஃபேட் சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் பொடி சேர்த்துப் பாருங்கள். தேறாவிட்டால் புதுத் தொட்டி போடுங்கள். மேலே பாசிபோல ஏடு கட்டிய சாயத்தையும் வைத்திருக்க வேண்டாம்.

கழிவு

தீர்ந்த அமிலத்தைத் தண்ணீரில் நீர்த்து, ஆப்பச் சோடாவோ சுண்ணாம்போ சிறிது சிறிதாகச் சேர்த்து, பிஎச் 7 அருகில் வந்ததும் அப்புறப்படுத்துங்கள். சாய நீரைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம். திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிடும் நிலைக்கு நொய்யல் ஆறு போனது இப்படி ஊற்றிய நீரால்தான். ஒரு லிட்டர் சாயத்தை அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, பிள்ளைகளும் கோழிகளும் எட்டாத இடத்தில் வெயிலில் வற்றவிட்டால் ஒரு கரண்டிப் பொடிதான் மிஞ்சும். நிக்கல் கரைசலில் சலவைச் சோடா சேர்த்து பிஎச் 10 அளவுக்குக் கொண்டுவந்தால் நிக்கல் பச்சைச் சேறாக அடியில் படியும். தெளிந்த நீரைத் தனியே பிரித்து வற்றவிட்டு, சேற்றை மூடிய டப்பாவில் பெயர் எழுதி வைத்து, அருகிலுள்ள முலாம் பூசும் பட்டறை தன் அபாயக் கழிவை ஒப்படைக்கும்போது அதோடு சேர்த்து அனுப்பக் கேளுங்கள்.